பாடம் வந்தது, இடம் வரவில்லை

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் சங்கரன்கோவிலில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் கல்வியைப் பற்றிப் பேசுவது நமக்குப் பழக்கம். பெரும்பாலும் பொதுவாகப் பேசிவிட்டு, மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகிறோம். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகப் பாடங்கள் வகுப்பறையிலிருந்து இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு இது அன்றாடம். ஸ்வயத்தில் ஒரு பாடம் எடு, நான் முதல்வனில் ஒரு பயிற்சியை முடி, சான்றிதழைப் பதிவேற்று என்கிறார்கள். பெற்றோருக்கோ இது புரியாத சங்கதி. "எந்நேரமும் செல்லைப் பாத்துக்கிட்டு இருக்கான், கேட்டா கிளாஸுங்கான்" என்று சொல்கிற தாய்மார்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இது நமக்கு நல்லதா, கெட்டதா? சுற்றி வளைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வருகிற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள். ஆனால் அதற்கு ஈடாகக் கல்லூரியில் உங்களுக்கு உள்ள இடத்தை, விடுதி அறையை, நூலக மேசையை, ஆசிரியரை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

அண்ணலுக்கு மறுக்கப்பட்டது எது?

அம்பேத்கர் பள்ளிக்கூடம் போகவில்லையா? போனார். பாடம் கேட்கவில்லையா? கேட்டார். மறுக்கப்பட்டது இடம். மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கில் தனியே உட்கார்ந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் இல்லையென்றால் தாகம்தான். இதை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பாடம் காதில் விழுகிற தூரத்தில்தான் அவரை வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த அறை அவருடையதாக இருக்கவில்லை.

1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது நிலைமை மாறியது. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்குக் கிடைத்தது. மாதம் பதினொன்றரை பவுண்டு. அந்தப் பணம் அவருக்கு வாங்கிக் கொடுத்தது நேரம். வேலைக்குப் போகாமல் படிக்கிற நேரம், நூலகத்தில் உட்கார்கிற நேரம், ஜான் டூயியைப் போன்ற ஆசிரியர்களின் வகுப்பில் இருக்கிற நேரம். படிப்புக்கு இடமும் நேரமும் வேண்டும் என்பதை அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

அதனால்தான் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது காலை நேர வகுப்புகளை வைத்தார். வேலை பார்த்துப் பிழைக்கிற மாணவன் வகுப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். உழைக்கிறவனுக்கு அஞ்சலில் பாடம் அனுப்பினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவனுடைய நேரத்துக்குத் தக்கபடி கல்லூரியின் நேரத்தை மாற்றினார். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைக் கண்டு நாம் பயந்தவர்கள் அல்ல

தொழில்நுட்பம் என்றால் தலித்துகளுக்கு அச்சம், பழைய காலத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் வரலாற்றைக் காட்டுங்கள். அச்சு இயந்திரம் அன்றைய புதிய தொழில்நுட்பம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். கையில் கிடைத்த கருவியை உடனே எடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்.

ஆனால் இதழோடு அவர்கள் நிற்கவில்லை. அதே காலத்தில் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். 1894இல் சென்னை அடையாறில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் அதைத் தொடர்ந்து வந்த பள்ளிகளும், 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா தொடங்கிய நந்தனார் பள்ளியும், சென்னையில் எல்.சி. குருசாமி நடத்திய இரவுப் பள்ளிகளும் அந்த வரிசையில் வருகின்றன. இரவுப் பள்ளி என்றால் ஒரு விளக்கு, ஒரு திண்ணை, ஒரு ஆசிரியர். பகலெல்லாம் உழைத்தவன் இரவில் வந்து உட்கார ஓர் இடம். கருவியையும் இடத்தையும் சேர்த்தே கேட்ட மரபு நம்முடையது.

இணையப் பாடம் வந்த வழி

இன்று நடப்பது திடீரென்று வந்ததல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. நம் வீடுகளில் முதல் பட்டம் வாங்கியவர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். பஸ் கண்டக்டராக, போலீஸ்காரராக, சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே, பழுப்புக் காகிதத்தில் வந்த பாடத்தைப் படித்து எழுதினார்கள். பதவி உயர்வுக்கு அது உதவியது. அதை நாம் மறக்கக் கூடாது. கூடவே இன்னொன்றையும் மறக்கக் கூடாது. "கரஸ்ல படிச்சவரா?" என்ற கேள்வியை நேர்முகத் தேர்வில் சந்தித்தவர்களும் அவர்கள்தான். 2022 செப்டம்பரில், தொலைநிலையிலும் இணையவழியிலும் பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. அறிவிக்க வேண்டியிருந்தது. சமமாகப் பார்க்கப்படாத ஒன்றைத்தானே சமம் என்று அறிவிப்பார்கள்?

2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளை யாரும் பார்க்கலாம் என்று ஆயிற்று. 2017 ஜூலை 9 அன்று ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. ஒரு மாணவர் தன் படிப்பில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் பாடங்களால் நிரப்பிக்கொள்ளலாம் என்று 2016 விதி சொன்னது. 2021இல் அது 40 விழுக்காடு ஆனது. அதே ஆண்டு மே மாதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று 'கலப்பு முறை' பற்றிய ஒரு கருத்துக் குறிப்பையும் யு.ஜி.சி. சுற்றுக்கு விட்டது. விருப்பம் இருந்தால் கூடுதலாகப் படி என்று ஆரம்பித்தது, படிப்பில் கிட்டத்தட்டப் பாதி வரை வந்து நிற்கிறது.

கொரோனா காட்டிய கணக்கு

2017-18இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று கல்வியைப் பற்றி எடுக்கப்பட்டது. இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில். இணைய வசதி 14.9 விழுக்காட்டில். இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது, எல்லோரும் இணையத்தில் படியுங்கள் என்றார்கள்.

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புரம் மாவட்டத்தில் 9ஆம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி இருந்தது, ஸ்மார்ட்போன் இல்லை. கல்வியில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில், முதல் நாளிலேயே இது நடந்தது. அதன் பிறகு நூலகங்களிலும் உள்ளாட்சிக் கட்டடங்களிலும் சேர்ந்து பார்க்கும் மையங்கள் பெருகின. ஒரு பிள்ளை போன பிறகுதான், பாடத்தோடு இடமும் வேண்டும் என்பது உறைத்தது.

2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்த ஆய்வொன்று 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 1,400 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. அதிலும் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 விழுக்காடு, மற்றவர்களில் 15 விழுக்காடு. எல்லோரும் ஏழைகள்தான், ஆனால் ஏழைகளுக்குள்ளும் சாதி பிரித்தது.

தமிழ்நாடு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. கொரோனாவுக்குப் பின், மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகளில், அது நடக்கவில்லை. 2021 தொடக்கத்தில் சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி வீதம் நான்கு மாதம் டேட்டா கார்டு அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை சொன்னது. நல்லது. ஆனால் கணினி வந்த வீட்டில் அதை வைத்துப் படிக்க ஒரு மூலை இருக்கிறதா? நம் குடியிருப்புகளில் ஒற்றை அறையில்தான் சமையலும் தூக்கமும். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தறியும் அந்த அறையில்தான் ஓடுகிறது. விடியுமுன் பூப்பறிக்கப் போய்விட்டு வருகிற பெண்பிள்ளைக்கு ஒன்பது மணி நேரலை வகுப்பு எப்படி? வீட்டில் இருக்கிற ஒரு போன் அண்ணன் கையில் இருந்தால் தங்கை எப்போது படிப்பாள்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களே மூன்றில் ஒரு பங்குதான்.

தேர்வின் கதையையும் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2020 நவம்பர்-டிசம்பர் பருவத் தேர்வு 2021 பிப்ரவரியில் இணையவழியில் நடந்தது. மாணவரின் முகத்தையும் அசைவையும் கேமரா வழியாக மென்பொருள் கண்காணித்தது. ஏராளமான மாணவர்கள் தோல்வி என்றும், முறைகேட்டுச் சந்தேகத்தில் முடிவு நிறுத்திவைப்பு என்றும் வந்தது. குடும்பமே ஓர் அறையில் இருந்தால் பின்னால் யாராவது நடக்கத்தான் செய்வார்கள், இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். கூச்சல் எழுந்த பிறகு, 2021 மே மாதம் புதிய அரசு மறுதேர்வு அறிவித்தது.

முகத்தைப் படிக்கிற மென்பொருளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், சந்தையில் விற்பனையாகும் முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். படத்தில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெள்ளைத் தோல் ஆண்களுக்கு நேர்ந்த பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருத்த தோல் பெண்களுக்கு 34.7 விழுக்காடு வரை போனது. நம் பிள்ளைகளின் நிறத்தில், நம் வீடுகளின் வெளிச்சத்தில் இந்த மென்பொருளைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

திரைக்குள் சாதி வருமா?

"ஆன்லைனில் யார் என்ன சாதி என்று யாருக்குத் தெரியும்? அங்கே எல்லோரும் சமம்" என்று ஒரு வாதம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் இணைய வகுப்பில் ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். வகுப்பே இடஒதுக்கீட்டு மாணவர்களுக்கானது என்பதால், யார் முன்னால் பேசுகிறோம் என்பது தெரிந்துதான் பேசினார். ஆனால் அந்த வகுப்பின் காணொளி வெளியே வந்துவிட்டது. நாடே பார்த்தது, அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நேரடி வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் மாணவர்களின் சொல்லுக்கு எதிராக அவருடைய சொல் நின்றிருக்கும். ஆகவே இணையத்திலும் சாதி வரும். வந்தால் பதிவாகும் வாய்ப்பும் அங்கே உண்டு. இரண்டும் உண்மை.

இதே சங்கரன்கோவில் வட்டத்தில், 2022 செப்டம்பரில், பாஞ்சாகுளத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதைத் தன் செல்போனிலேயே படம் பிடித்தார். பெருமைக்காக எடுத்த படம் அவருக்கே எதிரான சாட்சியாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. அது தீண்டாமையை ஒழிக்கவில்லை. சட்டமும் போராட்டமும் சேர்ந்தபோதுதான் அது நமக்குப் பயன்பட்டது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் 12ஆம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வெட்டினார்கள். 2025 மார்ச்சில் பாளையங்கோட்டைக்குத் தேர்வெழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவனை ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இறக்கி வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. இதையெல்லாம் பார்த்த ஒரு தாய், "எம்பிள்ளை எங்கேயும் போக வேண்டாம், வீட்ல இருந்து செல்லுல படிச்சாப் போதும்" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல நம்மால் முடியுமா? முடியாது. ஆனால் அந்தத் தாயிடம் நாம் மரியாதையோடு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். நாங்குநேரி மாணவன் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல்தான் இருந்தான். வீடு தேடி வந்து, வீட்டுக்குள் வைத்து வெட்டினார்கள். வீட்டில் இருப்பது பாதுகாப்பைத் தரவில்லை. இரண்டாவது, நாம் பஸ்ஸிலிருந்தும் வகுப்பிலிருந்தும் விலகினால், அந்தப் பஸ்ஸும் வகுப்பும் அவர்களுடையவை ஆகிவிடும். அதைத்தான் அரிவாள் எடுத்தவனும் விரும்பினான். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி வளாகத்திலிருந்து சாதி அடையாளங்களை நீக்குவது உள்ளிட்ட அதன் பரிந்துரைகளின் பொருள், வளாகத்தைச் சரிசெய் என்பது. நம் பிள்ளையை வளாகத்திலிருந்து எடு என்பதல்ல.

வெலிவாடா சொன்னது

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கும் அவருடைய தோழர்கள் நால்வருக்கும் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதை இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம், ஆய்வைத் தொடரலாம். விடுதியில் தங்கக் கூடாது, பொது இடங்களில் கூட்டமாக நடமாடக் கூடாது, மாணவர் தேர்தலில் பங்கெடுக்கக் கூடாது. பாடம் உண்டு, இடம் இல்லை. அவர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வளாகத்தின் நடுவில் கூடாரம் போட்டு அதற்கு வெலிவாடா என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே உள்ள நம் குடியிருப்பின் பெயர். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம்.

விடுதியும் மரத்தடியும் மாணவர் அமைப்பும் படிப்புக்கு வெளியே உள்ளவை என்று நிர்வாகம் நினைக்கிறது. நமக்கு அவைதான் படிப்பின் பாதி. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கியது. 2015 மே மாதம் அதன் அங்கீகாரத்தை நிர்வாகம் நீக்கியது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் 7 அன்று திருப்பிக் கொடுத்தது. அவரவர் வீட்டில் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடையே இப்படி ஒரு வட்டம் உருவாவது கடினம்.

பாடத்தை யார் செய்கிறார்கள்?

2020 நவம்பரில், வளாகங்கள் அடைபட்டிருந்த நேரத்தில், நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் நூல் ஒன்று ஒரு மாணவர் அமைப்பின் புகாரால் நீக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து மகாஸ்வேதா தேவியோடு நம் பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. இரண்டு தமிழ்த் தலித் பெண் எழுத்தாளர்கள். ஒரு பல்கலைக்கழகம் நீக்கினால் மற்றொன்றில் ஓர் ஆசிரியர் அவர்களை நடத்த முடியும். நாடு முழுமைக்கும் ஒரே காணொளிப் பாடம் என்று ஆகிவிட்டால், அங்கே நீக்கப்பட்டவர் எல்லா வகுப்பிலும் நீக்கப்பட்டவர்.

ஆசிரியர் பணியையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. இனச்சுழற்சி முறையில் ஒரு பணியிடம் நம்மிடம் வர எத்தனை ஆண்டுக் காத்திருப்பு என்பது இங்குள்ள நெட், செட் முடித்தவர்களுக்குத் தெரியும். பாடத்தில் 40 விழுக்காட்டைப் பதிவு செய்த காணொளி எடுத்துக்கொண்டால், அந்த வேலைநேரம் எந்தப் பணியிடத்திலிருந்து கழிக்கப்படும்? கேமரா முன் நிற்கப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க இனச்சுழற்சி உண்டா? கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே கல்லூரிகளை ஓட்டிக்கொண்டிருக்கிற நாட்டில் இது வெறும் கற்பனைப் பயம் அல்ல.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை 2013லேயே கேட்டார்கள். சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகம், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் இணையப் பாடத்தைத் தன் மாணவர்களுக்கு நடத்தும்படி தத்துவத் துறையைக் கேட்டது. பாடத்தின் பெயர் 'நீதி'. துறை ஆசிரியர்கள் மறுத்து, சாண்டெலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணக்கார மாணவருக்கு உயிருள்ள ஆசிரியர், ஏழை மாணவருக்கு அவருடைய காணொளி என்று இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய இணையக் கணிதப் பாடங்களில் தேர்ச்சி மிகக் குறைவாக வந்தது, ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். அந்த வகுப்பில் இருந்தவர்களில் பலர் வீட்டில் கணினிகூட இல்லாத ஏழைப் பள்ளி மாணவர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும்

2020 ஜூன் 30 அன்று சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. இல்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் வென்றால் இடம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பெரும் சலுகை. தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கோட்டாவுக்கோ சென்னைக்கோ போய்ப் பயிற்சி பெற வழியில்லாத பிள்ளைக்கு இது உண்மையான கதவு. திருமணத்தோடு படிப்பு நின்ற பெண்ணுக்கும், சிவகாசியிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு அரியர் வைத்திருக்கும் தம்பிக்கும் இணையப் பாடம் பயன்படும். இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஆங்கிலம் புரியாவிட்டால் கையைத் தூக்கக் கூச்சம். காணொளியை நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், பத்து முறை கேட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சேர்கிறவர்கள் முடிக்கிறார்களா? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பெருந்திரள் இணையப் பாடங்களின் கணக்கை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 46 விழுக்காடு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான நாட்டினர். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

அந்த ஆளை அனுப்பிய திட்டம் ஒன்று நம்மிடமே இருந்தது. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. மாலையில் ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளின் தெருவிலேயே, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் பெண்கள். அதில் குறைகள் உண்டு. ஆனாலும் பழைய இரவுப் பள்ளியின் சாயலை அதில் பார்த்தேன்.

என்ன கேட்கப் போகிறோம்?

ஒன்று. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் இணைய இணைப்பு, சில கணினிகள், கதவைச் சாத்திப் படிக்க ஓர் அறை, மாலையில் சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியர். விடுதியில் இல்லாத பிள்ளைகளும் அங்கே வந்து படிக்க அனுமதி.

இரண்டு. பட்டத்துக்குக் கணக்கில் வரும் எந்த இணையப் பாடத்துக்கும் தேர்வுக் கட்டணத்தை மாணவர் கையிலிருந்து வாங்கக் கூடாது. என்.பி.டி.இ.எல். தேர்வில் நமக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு என்றாலும், 500 ரூபாய் என்பது நம் வீட்டில் ஒரு நாள் கூலி. கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணைக்குள் இதையும் கொண்டுவர வேண்டும்.

மூன்று. வீட்டுக் கேமராவை வைத்துத் தேர்வு வேண்டாம். தேர்வு மையம் வட்டத் தலைநகரிலேயே வேண்டும்.

நான்கு. இணையப் பாடத்தைக் காட்டி ஒரு பணியிடத்தையும் குறைக்கக் கூடாது. பாடம் தயாரிப்போர் தேர்விலும் இனச்சுழற்சி வேண்டும்.

ஐந்து. எந்த இணையப் பாடத்தில் எந்தச் சமூகப் பிரிவினர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்கு வெளியே வராத வரை "எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நாமே கேட்கலாம். இந்தக் கூட்டம் முடிந்ததும் மாணவத் தோழர்கள் அந்த மனுவை எழுத உட்கார்ந்தால் நானும் கூட இருக்கிறேன்.

கடைசியாக, அரசிடம் கேட்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று. இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சமுதாயக்கூடமோ, அம்பேத்கர் மன்றமோ இருக்கிறது. அங்கே கேரம் போர்டு இருக்கிறது, கொடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு லேப்டாப்பை அங்கே வையுங்கள். ஒரே பாடத்தில் சேர்ந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு விரிவுரையைப் பாருங்கள். புரியாத இடத்தில் நிறுத்துங்கள், தெரிந்தவர் தமிழில் சொல்லட்டும். கல்லூரி முடித்த அண்ணன், அக்கா ஒருவர் கூட இருக்கட்டும். பெண்பிள்ளைகள் வர வேண்டும், அவர்கள் வந்து போக வெளிச்சமும் துணையும் ஏற்பாடு செய்ய வேண்டியது மன்றத்தின் பொறுப்பு. பாடம் டெல்லியிலிருந்து வரட்டும், சென்னையிலிருந்து வரட்டும். அதைக் கேட்கிற இடம் நம்முடையதாக இருக்கட்டும்.